பத்து மணிக்குப் புறப்படும் சப்பாத்துகள்

பரராசசிங்கம் காலமாகி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்து, லண்டனிலிருந்து வந்த சனமெல்லாம் மிச்சச் சோறுகறியைப் பெட்டிகளில் போட்டுக் கட்டிக்கொண்டு போன மறுநாள் காலை, சரியாகப் பத்து மணிக்கு, அவருடைய மலையேறும் சப்பாத்து இரண்டும் மூலையிலிருந்து நகர்ந்து வந்து கடையின் பின்கதவடியில் நின்றன. வலது சப்பாத்து தன் மூக்கால் கதவை இரண்டு தரம் தட்டியது.

மங்கையற்கரசி அப்போது முன்பக்கத்தில் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்து பார்த்தாள், பிறகு தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்துவிட்டாள். பத்தொன்பது வருடமும் நான்கு மாதமுமாகப் பத்து மணிக்கு அந்தக் கதவைத் திறந்து, "கவனமாப் போயிட்டு வாங்கோ" என்று சொல்லி அனுப்புவது அவளுடைய வேலையாக இருந்தபடியால் கைக்கு அது பழகிப்போயிருந்தது. வாய்க்கும் பழகிப்போயிருந்தது, ஆகவே அதையும் சொன்னாள். சப்பாத்துகள் அவருடைய வலது முழங்கால் நோவுக்கு இடங்கொடுத்து இடதை முதலில் வைத்துப் படியிறங்கின, முள்வேலியோரம் திரும்பின, மழையில் நனைந்த சுண்ணாம்புப் பாதையில் வெள்ளைச் சேற்றை மிதித்துக்கொண்டு மேட்டில் ஏறின. முன்கதவு மணி அடித்தது. யாரோ தபால் முத்திரை வாங்க வந்திருந்தார்கள். அவள் போய் முத்திரை கொடுத்தாள்.

பன்னிரண்டு மணிக்குச் சப்பாத்துகள் திரும்பி வந்து கால்மிதியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு தங்கள் மூலையில் போய் நின்றன. அவள் அருகே குந்தி இருந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அன்றைக்குத்தான் அவர் செத்ததிலிருந்து முதன்முறையாக அவள் அழுதாள்.

அந்த ஊருக்குப் பிரிம்லிக்கோம் என்று பெயர். இங்கிலாந்தின் தெற்கே, மேட்டுக்கெல்லாம் 'டவுன்ஸ்', அதாவது இறக்கங்கள், என்று பெயர் வைத்துவிட்டு அதில் மூச்சிரைக்க ஏறுகிற மனிதர்களின் நாட்டில், மண்ணை ஒரு சாண் தோண்டினால் வெண்கட்டி வருகிற குன்றுகளுக்கு நடுவே, ஒரு தேவாலயம், ஒரு சாராயக்கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை என்று அளவாக அமைந்த ஊர். கடை பரராசசிங்கத்துடையது. அவருடைய முழுப்பெயரை உச்சரிக்க முயன்று தோற்ற ஊர்க்காரர்கள், மரியாதை குறையக்கூடாது என்று கடைசித் துண்டை மட்டும் எடுத்து 'மிஸ்டர் சிங்கம்' என்று அழைத்தார்கள். அவர் சிங்கம் என்றால் என்னவென்று அவர்களுக்குக் கடைசிவரை சொல்லவில்லை. ஐந்தடி மூன்றங்குல உயரத்தில் அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

காலைப் பத்திரிகை, பால், பாண் வியாபாரம் ஓய்ந்து, மத்தியானக் கூட்டம் வருவதற்கு முன்னால் இருந்த அந்த இரண்டு மணி நேரத்தை அவர் நடைக்கென்று எடுத்துக்கொண்டார். கடையின் பின்னால் தொடங்கி, வேலியோரமாக ஏறி, ஆட்டுப் பட்டி நிலத்தைக் கடந்து, ஹார்க்ரேவ் பண்ணையின் மரப்படலைக்குள்ளால் பள்ளத்தாக்கில் இறங்கி, பீச் மரக்காட்டுக்குள் போய், மறுபக்க முகட்டில் ஏறித் தேவாலயத்தின் பின்னால் வந்து விழுகிற அந்தப் பாதையை அவர் வந்த காலத்தில் ஊரே மறந்துவிட்டிருந்தது. முட்செடி மூடிக் கிடந்தது. அவர் நடந்து நடந்து அது திரும்பவும் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது. எட்டு வருடம் அவர் மட்டும் நடந்தார். பிறகு நாய் வைத்திருப்பவர்கள் நடந்தார்கள், அதன் பிறகு முதுகில் பையோடு வெளியூர்க்காரர்களும் வந்தார்கள். மங்கையற்கரசி ஒருநாளும் நடக்கவில்லை, கடையில் ஒரு ஆள் நிற்கவேண்டுமே.

இங்கிலாந்துக்காரர்கள் ஒரு அதிசயத்தைக் கண்டால் முதலில் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். சப்பாத்துகள் நடக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் தபால்காரர் கடைக்கு வந்து, "இண்டைக்கு அவருக்கு நல்ல வெயில்" என்றார். (அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இருபது வருடமாக ஊர்க்கதை கேட்டுக் கேட்டு மங்கையற்கரசியின் காதில் யார் என்ன பேசினாலும் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது, அவளுக்கு விழுந்தபடியே இங்கேயும் எழுதியிருக்கிறது.) பள்ளிக்கூட பஸ் சாரதி சப்பாத்துகள் தெருவைக் கடக்கும்வரை வண்டியை நிறுத்திவைத்தார். சாராயக்கடைக்காரர் தன் வாசலில் ஒரு கால்மிதியைக் கூடுதலாகப் போட்டார், சப்பாத்துகள் ஒருநாளும் உள்ளே போகவில்லை என்றாலும். நாய்கள் முதல் வாரம் குரைத்தன, இரண்டாம் வாரம் மணந்து பார்த்தன, மூன்றாம் வாரம் பின்னால் நடந்தன. தேவாலயப் பாதிரியார் ஞாயிறு மன்றாட்டில் நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் பிறகு 'இன்னும் நடந்துகொண்டிருப்போருக்காகவும்' என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார், யாரும் விளக்கம் கேட்கவில்லை.

ஊர்க் கவுன்சில் கூட்டத்தில் இது ஏழாவது விடயமாக எடுத்துக்கொள்ளப்பட்டது, ஆறாவது குப்பைத் தொட்டி. ஆடு மேய்கிற நிலத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் கொண்டுபோகவேண்டும் என்று விதி இருக்கிறதே, ஆளில்லாத சப்பாத்துக்கு அந்த விதி பொருந்துமா என்று ஒருவர் கேட்டார். முக்கால் மணி நேரம் பேசி, சப்பாத்து நாய் அல்ல என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். லண்டனிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் கமெராவோடு வந்தார். ஆனால் படத்தில் விழுந்தது ஒரு பாதையும் இரண்டு சப்பாத்துகளும் மட்டும்தான். எந்தப் பாதையிலும் எவர் வேண்டுமானாலும் இரண்டு சப்பாத்துகளை வைத்துப் படமெடுக்கலாம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சான்ட்விச் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சொந்தக்காரர்கள்தான் கரைச்சல் தந்தார்கள். ஆத்மா சாந்தியடையவில்லை என்று ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு மச்சாள் அழுதாள். கோயிலில் ஒரு சாந்தி செய்தால் நின்றுவிடும் என்று ஒருவர் தேதியே குறித்துவிட்டார். லெஸ்டரில் இருந்த மகள் ஆரணி மட்டும் ஒரு வார இறுதியில் வந்து, பத்து மணிக்குச் சப்பாத்துகளுக்குப் பின்னால் முழுப் பாதையும் நடந்து திரும்பி, கண் சிவந்திருக்க, "அம்மா, இடது சப்பாத்துக்கு அடி தேஞ்சு போச்சு, மாத்தவேணும்" என்றாள். மங்கையற்கரசி அன்று பின்னேரமே பஸ் ஏறிப் பட்டணத்துச் சப்பாத்துத் தைப்பவரிடம் கொண்டுபோனாள். நாளைக்குப் பத்து மணிக்கு முன்னம் வேணும் என்று சொன்னாள், அவசரமா என்று கேட்டதற்கு அவருக்கு நடக்கவேணும் என்றாள்.

தை மாதப் புயலில்தான் அவள் பயந்துபோனாள். ஒரு பெரிய பீச் மரம் பாதைக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. சுற்றிப்போகலாம், எல்லாரும் சுற்றித்தான் போனார்கள், ஆனால் சப்பாத்துகளுக்கு அந்தப் பாதையைத் தவிர வேறு பாதை தெரியவில்லை. முதல்நாள் மரத்தடியில் மத்தியானம்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தன. இரண்டாம் நாள் வேலிவரை போய்த் திரும்பின. மூன்றாம் நாள் பத்து மணிக்குக் கதவு தட்டப்படவில்லை. அவள் சப்பாத்துகளைத் தூக்கிப் பார்த்தாள், வெறும் தோலின் பாரம்தான் இருந்தது. உள்ளே கைவிட்டாள், குளிர்ந்து கிடந்தது. அன்றைக்கு அவள் கடையைப் பூட்டாமலேயே ஓடி, அயலில் இருந்த டொரத்தி பெல்லின் கதவைத் தட்டினாள், டொரத்தி நான்கு பேரையும் ஒரு வாள் யந்திரத்தையும் கூட்டிக்கொண்டு போனாள், இருட்டுவதற்குள் மரம் துண்டு துண்டாகப் பாதையோரம் கிடந்தது. நான்காம் நாள் பத்து மணிக்கு இரண்டு தரம் தட்டிய சத்தம் கேட்டதும் மங்கையற்கரசி ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். பாதை இருந்தால் அவர் இருக்கிறார், பாதை போனால் அவர் போய்விடுவார் என்பது அவளுக்கு அன்றைக்கு விளங்கியது.

டொரத்தி பெல் ஊரின் நடைபாதைக் குழுவுக்குத் தலைவி, இளைப்பாறிய புவியியல் ஆசிரியை, எழுபத்திரண்டு வயதில் ஆட்டைவிட வேகமாக மேட்டில் ஏறுவாள். பாதை ஓடுகிற நிலம் ஹார்க்ரேவ் குடும்பத்துக்குச் சொந்தம் என்றும், கிழவர் ஹார்க்ரேவ் செத்தபிறகு நிலம் மகன் நைஜலிடம் வந்திருக்கிறது என்றும், நைஜல் பள்ளத்தாக்கில் விடுமுறைக்கு வருபவர்களுக்கு மரக்குடில்கள் கட்டப்போகிறான், கட்டினால் படலையை மூடிவிடுவான் என்றும் அவளுக்குத் தெரியும். அதைத் தடுக்க ஒரு வழியும் அவளுக்குத் தெரியும்.

"இருபது வருசம் சனம் தொடர்ச்சியா நடந்திருந்தால் அது சனத்தின்ர பாதை. பிறகு ஒருத்தரும் மூடேலாது," என்று கடையில் நின்று சொன்னாள். "மற்ற ஆக்கள் எல்லாரும் பத்துப் பன்னிரண்டு வருசம்தான். முழு இருபதுக்கும் இருக்கிற கால் மிஸ்டர் சிங்கத்தின்ர கால் மட்டும்தான். சித்திரையோட இருபது முடியுது."

"அவர் ஆவணியில செத்திட்டாரே."

"நடந்தவர் மூச்சு விட்டுக்கொண்டு நடக்கவேணும் எண்டு சட்டத்தில எங்கயும் இல்லை. நான் வாசிச்சுப் பாத்தனான்."

நைஜலும் ஒன்றும் அறியாதவன் அல்ல. சித்திரைக்கு முன்னால் 'தனியார் நிலம்' என்று ஒரு பலகை நட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் செத்துப்போன ஒரு கடைக்காரரின் சப்பாத்துக்கு எதிராகப் பலகை நடுவது அழகில்லை என்று அவனுடைய மனைவி சொல்லிவிட்டாள். ஊர் முழுக்க அதைத்தான் நினைக்கும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. அப்படியாக, ஒரு நாட்டின் நல்ல பழக்கவழக்கத்தால் சித்திரை வந்து, இருபது வருடம் நிறைந்து, டொரத்தி கடைக்கு ஒரு கேக் கொண்டுவந்தாள். அதன் பிறகுதான் நைஜல், மிகவும் மரியாதையான ஒரு கடிதத்தில், வழக்கறிஞர் மூலம் ஆட்சேபம் தெரிவித்தான்.

வைகாசியில் டொரத்தி படிவங்களைக் கொண்டுவந்தாள். பாதையில் நடந்த ஒவ்வொருவரும் ஒன்று நிரப்பவேண்டும், இறந்தவருக்காக மனைவி நிரப்பலாம். எப்போதிருந்து நடந்தீர்கள், எத்தனை தரம், நடந்தா, குதிரையிலா. மங்கையற்கரசி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்து ஒன்பதாவது கேள்வியில் நின்றாள். இந்தப் பாதையில் நடக்க நீங்கள் எப்போதாவது நிலச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டீர்களா, அல்லது உங்களுக்கு அனுமதி தரப்பட்டதா?

"இதுக்கு என்ன எழுதிறது?"

"இல்லை எண்டு எழுதுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் எழுதியிருக்கினம்."

"கேட்டிருந்தால்?"

டொரத்தி சிரித்தாள். "ஆர் கேக்கிறது? வேலியை உடைச்சுப் போகக்கூடாது, ஒளிச்சுப் போகக்கூடாது, கேட்டுப் போகக்கூடாது. இந்த மூண்டும்தான். கேட்டால் பாதை அவனுடையது எண்டு நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. கேட்டு நடந்தால் நூறு வருசம் நடந்தாலும் உரிமை வராது."

"கேக்காமல் போறவனுக்குத்தான் உரிமையோ?"

"ஓம்," என்றாள் டொரத்தி, இதில் என்ன ஆச்சரியம் என்பதுபோல.

மங்கையற்கரசி படிவத்தைக் கல்லாப்பெட்டியின் கீழே வைத்துவிட்டு, நாளைக்குத் தாறன் என்றாள்.

அவர்கள் பிரிம்லிக்கோமுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பரராசசிங்கம் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டிக்கொண்டு, அவள் கையில் ஒரு பெட்டி பயற்றம் பணியாரத்தைக் கொடுத்து, ஹார்க்ரேவ் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கிழவர் ஹார்க்ரேவ் கதவைத் திறந்து, ஏதோ வேதப் புத்தகம் விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மூடப் பார்த்தார். ஐயா, உங்கள் நிலத்தின் வழியாகக் காலையில் கொஞ்ச நேரம் நடக்க அனுமதி தருவீர்களா என்று பரராசசிங்கம் கேட்டார். கிழவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய வாழ்நாளில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. நடவுங்கோ, நடவுங்கோ என்று சொல்லி ஒரு பணியாரத்தைக் கடித்துப் பார்த்து, பல்லில் ஒட்டிக்கொள்ள, பேசமுடியாமல் கைகாட்டினார். திரும்பி வரும்போது பரராசசிங்கம், "பாத்தியே, தந்திட்டார்" என்றார். அந்தச் சந்தோசத்தைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் அவர்கள் இளமையாக இருந்த யுத்த காலத்தில் ஒரு பட்டினத்திலிருந்து அடுத்த பட்டினத்துக்குப் போகவும் பாஸ் வேண்டும். வரிசையில் நின்று, பெயர் எழுதி, காரணம் சொல்லி, ஒரு துண்டுக் கடதாசி வாங்கினால்தான் தெருவில் கால் வைக்கலாம். மங்கையற்கரசியின் தம்பி ஒருநாள் வரிசை நீளம் என்று உள்ளொழுங்கையால் போனான். அவன் வீடு வந்து சேரவில்லை. பரராசசிங்கம் கேட்டுக் கேட்டு நடந்தவர், ஆகவே உயிரோடு இருந்தவர். அதனால்தான் ஹார்க்ரேவ் படலையடிக்கு வரும்போதெல்லாம் நின்று, அந்த வீட்டுப் பக்கம் திரும்பி, ஜன்னலில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொப்பியைத் தொட்டுத் தலையைச் சற்றுத் தாழ்த்தி, பிறகுதான் படலையைத் தள்ளுவார். இதை அவர் அவளிடம் ஒரு பெருமையாகச் சொல்லியிருந்தார்.

சப்பாத்துகளும் அதைத்தான் செய்தன. ஊரே பார்த்திருந்தது. படலையடியில் நின்று, மூக்கை வீட்டுப் பக்கம் திருப்பி, ஒரு மூச்சு விடுகிற நேரம் காத்திருந்து, பிறகு நுழையும். காட்சி பார்க்கிறார் என்று ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அவள் ஆரணியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். ஆரணி, "அந்தக் கிழவனும் இல்லை, அப்பாவும் இல்லை. உங்களைத் தவிர ஆருக்குத் தெரியும்?" என்றாள்.

"ஒருத்தருக்கும் தெரியாது."

"பிறகென்ன அம்மா? பாதை போனால் அப்பா போயிடுவார்."

அது அவளுக்குத் தெரியாததா. அவள் ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினாள். எழுதிய கை அன்று முழுக்க யாருக்கும் சரியாக மிச்சக்காசு கொடுக்கவில்லை.

ஆனியில் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி பாதையைப் பார்க்க வந்தாள். மழைக்கோட்டும் கையில் ஒரு பலகையும் அதில் கடதாசியுமாக, சிரிக்காத, ஆனால் நல்ல மனசுக்காரி என்று பார்த்தவுடன் தெரிகிற பெண். பத்து மணிக்கு மங்கையற்கரசி பின்கதவைத் திறந்தாள். சப்பாத்துகள் முன்னால் போக, அதிகாரி பின்னால் போக, டொரத்தியும் நைஜலும் ஊர்க்காரர் இருபது பேரும் ஏழு நாய்களும் அதற்குப் பின்னால் போனார்கள். கடையில் ஆரணியை நிறுத்திவிட்டு, மங்கையற்கரசி அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கடைச் செருப்போடு அந்த மேட்டில் ஏறினாள். வெள்ளைப் பாதை வழுக்கியது. மேலே வானம்பாடிகள் ஓயாமல் கத்தின. இவ்வளவு வடிவான இடத்தை இந்த மனிசன் தனியப் பார்த்திருக்கிறாரே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

படலையடியில் சப்பாத்துகள் நின்றன. மூக்கை வீட்டுப் பக்கம் திருப்பிக் காத்து நின்றன.

"ஏன் இதில நிக்கினம்?" என்று அதிகாரி கேட்டாள்.

"காட்சி," என்றாள் டொரத்தி. "அவருக்குக் காட்சியில நல்ல விருப்பம்."

அதிகாரி சப்பாத்துகள் பார்க்கிற திசையைப் பார்த்தாள். அங்கே தெரிந்தது ஒரு வீட்டின் பின்பக்கமும் உழவு யந்திரம் நிறுத்துகிற தகரக் கொட்டிலும். அவள் பேனையைக் கையில் பிடித்தபடி நின்றாள். எல்லாரும் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கு என்றார்கள்.

மங்கையற்கரசி அந்தச் சப்பாத்துகளைப் பார்த்தாள். இத்தனை பேருக்கு முன்னால் அவர் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கேட்கவேயில்லை என்று அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"அவர் கேக்கிறார்," என்றாள். "உத்தரவு கேக்கிறார். முதல் நாளே கேட்டவர். பெரியவர் தந்தவர். நானும் பக்கத்தில நிண்டனான். நான் எழுதினது பொய்."

டொரத்தி கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி, "விளங்குது" என்று சொல்லி எதையோ எழுதினாள், எழுதிமுடித்து மங்கையற்கரசியின் கையை ஒருதரம் தொட்டாள். சப்பாத்துகள் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயின, அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஊரில் யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. வந்தார்கள், பால் வாங்கினார்கள், வானிலை பேசினார்கள், ஆனால் வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்கள். டொரத்தி மட்டும் மூன்று நாள் கடைக்கு வரவில்லை.

நான்காம் நாள் வந்தது நைஜல். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முகம் சிவந்து, ஒரு கடதாசியை நீட்டினான். பிளாஸ்டிக் உறைக்குள் அழகாக அச்சடித்த, உள்ளங்கை அளவான கடதாசி. மிஸ்டர் சிங்கத்தின் சப்பாத்துகளும் அவருடைய குடும்பத்தாரும் பாதையில் நடக்க இதனால் அனுமதி வழங்கப்படுகிறது. ஒரு வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

"அப்பா குடுத்ததை நான் பறிக்கமாட்டன்," என்றான். "மற்ற ஆக்களுக்குப் படலையைப் பூட்டத்தான் வேணும், வழக்கறிஞர் சொல்லிப்போட்டார். உங்களுக்குப் பூட்டின்ர திறப்பு ஒண்டு தாறன். இதைக் கொண்டு திரியத் தேவையில்லை, கடையில ஒட்டி வச்சால் போதும். நாளையண்டைக்குப் பூட்டுப் போடுறன்."

அவன் நல்ல பிள்ளை. அவள் அதை மனசார நினைத்தாள். நன்றி சொல்லிக் கடதாசியை வாங்கிக்கொண்டாள். அவன் போனபிறகு அதைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். அந்த அளவும் அந்தத் திகதி போட்ட இடமும் அவளுக்கு நன்றாகப் பழக்கமானவை. இதை வைத்திருந்தால் சப்பாத்துகள் தினமும் பத்து மணிக்குப் போய்ப் பன்னிரண்டு மணிக்கு வரும். வருடா வருடம் போய்க் கேட்டுப் புதுப்பிக்கலாம். அவர் செத்தும் வரிசையில் நிற்பார்.

மறுநாள் காலை அவள் 'பன்னிரண்டு மணிக்குத் திறக்கும்' என்று ஒரு மட்டையில் எழுதிக் கடையின் முன்கதவில் தொங்கவிட்டாள். அவருடைய செத்தவீட்டு நாளைத் தவிர, இருபது வருடத்தில் அந்தக் கதவு பத்து மணிக்குப் பூட்டப்பட்டது அதுவே முதல்முறை. ஆரணி முன்னொருமுறை வாங்கி அனுப்பி, பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே கிடந்த சப்பாத்தைப் போட்டுக் கயிற்றை இறுக்கினாள். பத்து மணிக்கு இரண்டு தரம் தட்டிய சத்தம் கேட்டது. கதவைத் திறந்தாள், ஆனால் ஒன்றும் சொல்லாமல் தானும் இறங்கினாள்.

முப்பத்தெட்டு வருடக் கலியாணத்தில் அவர் முன்னால் போவார், அவள் பின்னால் போவாள். அன்றைக்கும் மேடுவரை அப்படித்தான் போனார்கள். படலையடிக்கு வந்ததும் சப்பாத்துகள் நின்று வீட்டுப் பக்கம் திரும்பின. நைஜல் முற்றத்தில் ஒரு புதுச் சங்கிலியோடு நின்றான். அவளைக் கண்டு கையை உயர்த்தினான். போங்கோ, போங்கோ என்கிற கை.

அவள் கோட்டுப் பையிலிருந்து அந்தக் கடதாசியை எடுத்துப் படலைத் தூணின் தலையில் வைத்தாள். காற்று கொண்டுபோகாமல் ஒரு தீக்கல்லை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

நைஜல் வேலியோரம் வந்தான். "மிஸிஸ் சிங்கம், நீங்கள் ஒருக்காக் கேட்டால் போதும். நான் இல்லையெண்டு சொல்லமாட்டன்."

"தெரியும் தம்பி," என்றாள். "அதுதான் கேக்கேல்ல."

அவள் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சப்பாத்துகளுக்காக அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தானும் நின்றுவிடுவாள் என்று தெரிந்தபடியால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவருக்கு வராமல் விடவும் உரிமை இருக்கிறது, இனி அந்தச் சப்பாத்துகள் அந்த இடத்திலேயே குளிர்ந்துபோய் வெறும் தோலாக நிற்கலாம், பன்னிரண்டு மணிக்கு அவள் அவற்றைக் கையில் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருக்கலாம். அதையெல்லாம் நினைத்துக்கொண்டே அவள் பள்ளத்தாக்கில் இறங்கினாள். இருபது அடி போனாள், முப்பது அடி போனாள். அவளுக்கு அறுபத்துமூன்று வயது. அவன் பூட்டுப் போட்டால் நாளைக்குப் படலைக்கு மேலால் ஏறத் தெரியாது, ஆரையாவது கேட்டுப் பழகவேண்டும், அதை டொரத்தியிடம் கேட்கலாம். பூட்டாவிட்டால், கேட்காமல் நடக்கிற இருபது வருடம் முடிய எண்பத்துமூன்று.

பின்னால் படலை டக்கென்று அடித்துக்கொண்டது. பிறகு வெண்கட்டிப் பாதையில், இடதை முதலில் வைத்து, வலதை மெல்ல இழுத்து, அவளுக்கு நன்றாகத் தெரிந்த நடை இறங்கி வருவது கேட்டது.

அவள் நடையைக் கொஞ்சம் குறைத்தாள்.

"கவனமா வாங்கோ," என்றாள். "இதில வழுக்கும்."